வெள்ளியும் புகைக்கரியும்: விழிஞ்ஞத்துக் கற்சுவரை முன்னிட்டு ஒரு பதிப்புச் சரித்திரம்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே, கோவளத்தைக் கடந்து சிறிது தூரம் சென்றால் வரும் விழிஞ்ஞம் என்னும் துறைமுகவூரில், வள்ளங்களும் வலைகளும் மாதா கோயிலும் பள்ளிவாசலும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும் கடற்கரையிலிருந்து சற்று உள்ளே, ஒரு பாறையைக் குடைந்து செய்த மிகச் சிறிய குகைக்கோயில் ஒன்று இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டினது என்று தொல்லியலார் கணிக்கும் அக்குகையின் உள்ளே வீணை ஏந்திய தக்ஷிணாமூர்த்தியின் சிலை இருக்கிறது. வெளிச்சுவரிலே வாயிலுக்கு ஒருபுறம் வில்லேந்திய சிவனும், மறுபுறம் உமையோடு கூடி ஆடும் சிவனும் பாதி செதுக்கிய நிலையில் விடப்பட்டிருக்கின்றனர். படையெடுப்பால் வேலை நின்றதா, கூலி நின்றதால் வேலை நின்றதா என்ற விசாரம் வேறொருவருக்கு உரியது. நமக்கு வேண்டியது அந்தச் சுவரின் மேற்பரப்பு மட்டுமே.

இப்படிப்பட்ட சுவரைப் படமெடுப்பதில் பெரிய சங்கடம் ஒன்றுமில்லை. வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் வேளைவரை பொறுத்திருக்கத் தெரிந்தவர் எவரும் எடுத்துவிடலாம். எடுத்த படத்தைக் காகிதத்தில் இறக்கும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது. முற்றும் செதுக்கி முடித்த சிற்பத்தில் ஆழ்ந்த நிழலும் எடுப்பான ஒளியும் தாமே அமைந்துவிடுவதால், மட்டமான மையும் மட்டமான காகிதமுங்கூட அதை ஒருவாறு காட்டிவிடும். ஆனால் உளியின் முதற்கொத்து மட்டும் பட்டு, பாறைக்கும் உருவத்துக்கும் இடையே நிற்கும் இச்சுவரில், கருமைக்கும் வெண்மைக்கும் நடுவிலுள்ள சாம்பல் நிறச் சாயைகள்தாம் சகலமும். அவற்றில் நாலைந்தை இழந்த பதிப்பில் சிவனும் இல்லை, வில்லும் இல்லை. வெறும் பாறையே மிஞ்சும். புகைப்படக் கலையின் சரித்திரத்தை எழுதுவோர் காமிராவைப் பற்றியும் அதைப் பிடித்தவரைப் பற்றியுமே விஸ்தாரமாக எழுதிப் போகிறார்கள். எந்த மை, எந்தக் காகிதம், எந்த இயந்திரம், யாருடைய கை என்பன அடிக்குறிப்பிற்குக்கூட ஏறுவதில்லை. ஆயினும் நம் கண்ணுக்கு வந்து சேர்வது அந்தக் கையின் தீர்மானமே ஆகையால், இந்தத் தென்கடற்கரையில் கையாளப்பட்ட பதிப்பு முறைகளை ஒவ்வொன்றாக இச்சுவரின் முன் நிறுத்திப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

விழிஞ்ஞம் ஒரு காலத்தில் ஆய் மன்னர்களின் துறைமுகம், கோட்டையும் அவர்களுடையதே. பாண்டியரும் சோழரும் மாறி மாறி அதன்மேல் படை நடத்தியதைச் செப்பேடுகளும் கல்வெட்டுகளும் கூறுகின்றன. கலிங்கத்துப்பரணியிலும் அதன் பெயர் வருகிறது. பாண்டிய மன்னன் மாறஞ்சடையன் காலத்து வட்டெழுத்துக் கல் ஒன்று, அக்கோட்டைக்காக நடந்த போரில் ரணகீர்த்தி என்ற வீரன் பட்ட செய்தியைச் சொல்கிறது. இத்தகைய கற்களைத் தேடிப் படித்தவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர், தமிழர் மனோன்மணீயத்தின் ஆசிரியராக அறிந்த சுந்தரம் பிள்ளை. திருவிதாங்கூரின் பண்டை மன்னர் சிலரைப் பற்றி அவர் 1894-இல் வெளியிட்ட ஆராய்ச்சி முழுதும் கல்வெட்டுகளை ஆதாரமாகக் கொண்டது. அவருக்குப் பின் 1908-இல் சமஸ்தானத் தொல்பொருள் துறையின் பொறுப்பை ஏற்ற து. அ. கோபிநாத ராயர், 'திருவிதாங்கூர் ஆர்க்கியலாஜிக்கல் சீரீஸ்' என்ற வரிசையைத் தொடங்கி அவ்வேலையை ஒழுங்குபடுத்தினார்.

கல்வெட்டாளர் காமிராவை முழுதும் நம்பவில்லை. அவர்கள் நம்பியது மைப்படியை. கருப்பு வெள்ளையில் ஓர் உருவத்தைக் காகிதத்தில் பிடிக்கும் முறைகளில் இதைப்போல் நேரானது வேறில்லை ஆகையால் சற்று நின்று பார்க்கலாம். முதலில் கல்லைத் தென்னந்தும்பாலும் கம்பித் தூரிகையாலும் தேய்த்துப் பாசியும் சுண்ணாம்பும் போகக் கழுவுவார்கள். பின்பு, அதிகப் பசை ஊட்டப்படாததும், நனைந்தால் கிழியாததுமான காகிதத்தை நீரில் தோய்த்துக் கல்லின்மேல் ஒட்டவைத்து, நார் விறைத்த தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வருவார்கள். தட்டத் தட்டக் காகிதம் எழுத்தின் பள்ளங்களுக்குள் இறங்கிவிடும். ஈரம் பாதி வற்றிய பதத்தில், விளக்குக்கரியும் பிசினும் நீரில் காய்ச்சிய மையைத் துணிப் பொட்டலத்தில் தொட்டு மெல்ல ஒற்றினால், மேடெல்லாம் கறுத்து, எழுத்து மட்டும் வெள்ளையாகத் தங்கும். ஈரம் கூடினால் மை பள்ளத்துக்குள் ஊறி எழுத்தை விழுங்கிவிடும். குறைந்தால் காகிதம் கல்லை விட்டுக் கிளம்பிவிடும். கடற்காற்று வீசும் இடத்தில் அந்தப் பதம் சில நிமிஷங்களுக்கு மேல் நிற்பதில்லை. மேப்லித்தோ காகிதம் வந்த பிறகு தமிழ்நாட்டில் இவ்வேலை சுலபமாயிற்று என்றாலும், கையின் கணக்கு மாறவில்லை. இப்படி எடுத்த படிகள் அக்காலத்தில் கப்பலேறி லண்டன் பெக்காமில் வில்லியம் கிரிக்ஸ் என்பவரின் அச்சகத்துக்குப் போய், எபிகிராஃபியா இண்டிகா என்னும் கல்வெட்டியல் ஏட்டின் தட்டுகளாக அச்சாகித் திரும்பின. அவற்றை இன்று எடுத்துப் பார்த்தாலும் கருமை சிறிதும் வெளுக்காமல் இருப்பதைக் காணலாம்.

வெளுக்காததற்குக் காரணம் அது கரி என்பதுதான். ஓலையில் எழுத்தாணியால் கீறிய கோடுகளில் மாவிலைக்கரியும் ஊமத்தையிலைச் சாறும் கலந்து தடவிய பழைய வழக்கமும் இதே அடிப்படையில் நிற்கிறது. கரி சாதாரண நிலையில் எதனோடும் எளிதில் கூடி மாறுவதில்லை. ஒளியும் காற்றும் அதை என்ன செய்துவிட முடியும்? பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரையில் கணபதி சாஸ்திரியார் கண்டெடுத்து, 1912 முதல் திருவனந்தபுரம் சம்ஸ்கிருத வரிசையில் வெளியிட்டு உலகை வியக்கவைத்த பாஸ நாடகங்கள், இந்த ஈரக் காற்றில் சில நூற்றாண்டுகள் கிடந்த ஓலைகளிலிருந்து வந்தவையே. ஓலையைப் பூச்சி அரித்திருக்கலாம். மையின்மேல் குறை சொல்வாரில்லை.

புகைப்படத்தில் உருவத்தை ஆக்கும் வெள்ளியின் கதை வேறு. 1839-இல் ஐரோப்பாவில் வெளிப்பட்ட புகைப்படம் சில ஆண்டுகளில் இந்நாட்டுக்கும் வந்துவிட்டது. 1856-இல் சென்னையில் ஒரு புகைப்படச் சங்கமும் ஏற்பட்டது. அவ்வாண்டிலேயே சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய இடங்களுக்குச் சென்று 1858-இல் எடுத்த படங்களுக்கு இணையானவை தமிழகத்தில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் நெடுநாள் இல்லை. கண்ணாடித் தகடு அப்போது வழக்கத்துக்கு வந்துவிட்டிருந்தும் அவர் காகித நெகடிவையே உபயோகித்தார். வெப்பத்தில் ரஸாயனங்கள் உலர்ந்துபோகும் தொல்லை அதில் குறைவு. பெரியகோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை அவர் 21 நெகடிவுகளில் தொடர்ந்து எடுத்து, பிரதிகளை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். மைப்படி செய்ய வேண்டிய வேலையைப் புகைப்படம் செய்யத் துணிந்த முதல் பிரயத்தனம் அதுவாகவே இருக்கக்கூடும். வெறிச்சென்று வெளுத்துவரும் வானத்தில் நெகடிவின்மேல் தூரிகையால் மேகம் தீட்டியதையும், பிரதிகளைத் தங்கக் கரைசலில் தோய்த்துச் செம்பழுப்பிலிருந்து ஊதாக் கருமைக்கு மாற்றியதையும் காணும்போது, அவர் படமெடுப்பவராக இருந்ததைவிடப் பதிப்பவராக இருந்ததே அதிகம் என்று சொல்லத் தோன்றுகிறது. சர் சார்லஸ் டிரெவெலியன் கவர்னராக வந்ததும் செலவு மிகுதி என்று அந்த உத்தியோகத்தையே நிறுத்திவிட்டார்.

டிரைப்புக்குப் பின் பல்லாண்டு ஆட்சி செய்தது அல்புமென் காகிதம். பிரெஞ்சுக்காரராகிய பிளாங்கார்-எவ்ரார் 1850-இல் வெளியிட்ட முறை அது: மெல்லிய காகிதத்தில் உப்புச் சேர்த்த முட்டை வெண்கருவைப் பூசி, உலர்த்தி, வெள்ளி நைட்ரேட்டில் மிதக்கவிட்டு, நெகடிவின் கீழ் வைத்து வெயிலில் காட்டினால் உருவம் தானே கறுத்து எழும்பும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் இக்காகிதத்திற்குப் பேர்போனது. அங்குள்ள ஒரு கம்பெனியின் தேவைக்கு மட்டும் 1888-ஆம் ஆண்டில் அறுபது லக்ஷத்துக்கு மேற்பட்ட முட்டைகள் உடைக்கப்பட்டன என்று கணக்கு இருக்கிறது. வெயிலுக்குக் குறைவில்லாத நம் நாட்டில் இம்முறை வேரூன்றியதில் ஆச்சரியமில்லை. ஆனால் வெண்கருவுக்கு மஞ்சளிக்கும் குணம் உண்டு. வெள்ளிக்கோ கந்தகத்தைக் கண்டால் ஆகாது. ஈரமும் வெப்பமும் சேர்ந்த மலையாளக் கடற்கரையில் இவ்விரண்டு குணங்களும் கைகோத்துக்கொண்டு, வெளிர்ச் சாயைகளை முதலில் தின்னத் தொடங்கின. பழைய படங்களில் ஆகாயமும் வெள்ளை வேஷ்டியும் தேநீர் நிறமாகி, முகத்தில் மூக்கு எங்கே கன்னம் எங்கே என்று தெரியாமற் போயிருப்பது இதனால்தான். பாதி செதுக்கிய சுவர் போன்ற விஷயத்திற்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை, ஏனெனில் அதன் ஜீவன் அந்த வெளிர்ச் சாயைகளில்தான் இருக்கிறது.

திருவிதாங்கூரில் இக்கலையைச் சமஸ்தானத்தின் செலவில் நடத்தியவர் ஸக்கரியாஸ் டி'குரூஸ். அரசாங்கப் புகைப்படக்காரர் என்ற பதவியோடு அவர் ஊர் ஊராகச் சென்று எடுத்த அரண்மனைகளும் அருவிகளும் காயல்களும் தேயிலைத் தோட்டங்களும், 1900-ஆம் ஆண்டை ஒட்டி ஓர் ஆல்பமாகக் கட்டப்பட்டு வைசிராய் கர்ஸன் பிரபுவிடம் சேர்ந்தன. அவ்வால்பம் கர்ஸன் சேகரத்தோடு இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அட்டையில் ஒட்டிய பிரதிகளைக் கொண்ட ஆல்பம் ஒருவருக்கோ இருவருக்கோ காட்டும் பொருள், ராஜாங்க வெகுமதி. ஜனங்களுக்கு எட்ட வேண்டுமானால் படம் புத்தகத்தில் ஏற வேண்டும். புத்தகத்தில் ஏற வேண்டுமானால் வெள்ளி மையாக மாற வேண்டும். 1906-இல் சமஸ்தான அரசாங்க அச்சுக்கூடத்திலிருந்து மூன்று தொகுதிகளாக நாகமையா வெளியிட்ட 'திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல்' அந்த மாற்றத்தின் காலத்துக்கு உரியது. அதற்கு ஒரு தலைமுறை முன் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஸாமுவேல் மாட்டீர் பாதிரியார் 1871-இலும் 1883-இலும் இந்நாட்டைப் பற்றி வெளியிட்ட புத்தகங்களில், படங்களை மரக்கட்டையில் கோடுகோடாகச் செதுக்கித்தான் அச்சிட வேண்டியிருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், இடையில் நடந்தது எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சொல்லாமலே உணர்வார்.

நடந்தது என்னவென்றால் ஹாஃப்டோன் பிளாக். அச்சு மைக்குச் சாம்பல் நிறம் தெரியாது. அது காகிதத்தில் ஒட்டும் அல்லது ஒட்டாது, அவ்வளவே. ஆகவே படத்துக்கும் தகட்டுக்கும் இடையில் நெருக்கமான குறுக்குக் கோடுகள் கீறிய கண்ணாடியை வைத்து, ஒளியைப் புள்ளிகளாக உடைத்து, இருண்ட இடத்தில் பெரிய புள்ளியும் வெளிர்ந்த இடத்தில் சிறிய புள்ளியுமாகத் துத்தநாகத்திலோ செம்பிலோ அரித்தெடுத்தார்கள். ஜெர்மானியராகிய மைசன்பாக் 1882-இல் தொடங்கி வைத்த இம்முறையை, கலிங்க தேசத்துக்கு அப்பால் கல்கத்தாவில் உபேந்திரகிஷோர் ராய் தம் சொந்தக் கணிதத்தால் திருத்தி, இங்கிலாந்துக்காரரே மெச்சும்படி கட்டுரைகள் எழுதினார். செய்தித்தாளின் சொரசொரப்பான காகிதத்துக்கு அங்குலத்துக்கு 65 கோடுகளுக்கு மேல் தாங்காது; 133 கோடுகளும் அதற்கு மேலும் வேண்டுமானால், சீனக்களிமண் பூசி இழைத்த ஆர்ட் பேப்பர் வேண்டும். ஆகவேதான் அக்காலத்துப் புத்தகங்களில் எழுத்து ஒரு காகிதத்திலும் படங்கள் தனியே வழவழப்பான மற்றொரு காகிதத்திலும் அச்சாகி, நடுவில் செருகிக் கட்டப்பட்டன. வேடிக்கை என்னவெனில், அந்த வெள்ளைக் களிமண் திருவனந்தபுரத்துக்கு வடக்கே தோன்னக்கல் பகுதியில் பூமிக்கடியில் ஏராளமாகக் கிடந்தது. ஆர்ட் பேப்பரோ கடல் கடந்து வந்தது. நம் குகைச் சுவரை 65 கோட்டுப் பிளாக்கில் போட்டால், உளியின் ஒரு கொத்து ஒரு புள்ளியைவிடச் சிறிதாகப் போய், வில்லேந்திய சிவன் இருக்குமிடத்தில் ஏதோ ஈரம் படிந்த பாறை என்றே வாசகர் நினைப்பார். 133 கோட்டில் ஒருவாறு உருவம் நிற்கும். அதுவும் மை உருளையைக் கண்காணிப்பவன் சிக்கனமுள்ளவனாக இருந்தால். கறுப்பு தூக்கலாக இருந்தால்தான் எஜமானனுக்குத் திருப்தி என்று எண்ணி மையை வாரி இறைக்கும் மெஷின்காரன் கையில் எந்தப் பிளாக்கும் பிழைக்காது.

புள்ளியே இல்லாமல் அச்சு மையில் படம் பதிக்கும் வழி ஒன்றும் இருந்தது. கொலோடைப் என்ற அம்முறையில், தடித்த கண்ணாடியின்மேல் பைக்ரோமேட் கலந்த ஜெலட்டினைப் பூசி, நெகடிவின் கீழ் ஒளி காட்டுவார்கள். ஒளி பட்ட இடம் இறுகும். படாத இடம் நீரைக் குடித்து உப்பும். உப்பிய இடம் எண்ணெய் மையைத் தள்ளும், இறுகிய இடம் ஏற்கும், இடைப்பட்ட இடம் இடைப்பட்ட அளவில் ஏற்கும். ஆகையால் வெள்ளிப் பிரதியில் உள்ள சாயைகள் அநேகமாக முழுதும் கரி மையில் வந்து இறங்கும். அழகிலும் ஆயுளிலும் இதை மிஞ்சிய அச்சுமுறை கிடையாது என்பது என் துணிபு. ஆனால் ஒரு தகட்டிலிருந்து ஆயிரம் பிரதிகளுக்கு மேல் எடுப்பது அரிது. அதைவிட, வானம் கறுத்தால் தகடும் உப்பும், காற்று வறண்டால் தகடும் இறுகும். இடவப்பாதி மழை கொட்டும் மாதத்தில் திருவனந்தபுரத்தில் கொலோடைப் அச்சிடத் துணிபவன் தவசிரேஷ்டனாக இருக்க வேண்டும். கோபிநாத ராயர் தமது ஹிந்து விக்கிரக சாஸ்திர நூலை 1914-இலும் 1916-இலும் நான்கு பாகங்களாகத் திருவிதாங்கூர் தர்பாரின் ஆதரவில் வெளியிட்டபோது, அச்சு வேலையைச் சென்னை மௌண்ட் ரோட்டிலுள்ள லா பிரிண்டிங் ஹவுஸிடம் ஒப்படைத்தார். நூற்றுக்கணக்கான தட்டுகள் நிறைந்த அந்நூலைப் புரட்டினால், ஒரே சிற்பக் கலையின் உருவங்களே தட்டுக்குத் தட்டு வேறுவேறு தெளிவோடு நிற்பதைப் பார்க்கலாம். சமஸ்தானத்துக் கருங்கல்லின் மங்கிய சாம்பல், ஹொய்சளச் சிற்பத்தின் எடுப்பான நிழலைப்போல மையிடம் அன்பு பெறவில்லை.

பிறகு வந்தது புரோமைடு யுகம். வெயிலை நம்பிய அல்புமென் போய், இருட்டறையில் செவ்வொளியில் டெவலப் செய்யும் ஜெலட்டின் காகிதம் வந்தபோது, பதிப்பது என்பது ஊர்தோறும் ஸ்டூடியோக்காரரின் தொழிலாயிற்று. மார்த்தாண்டத்திலிருந்து கொல்லம்வரை கடைத்தெருவில் ஸ்டூடியோ இல்லாத ஊர் அபூர்வம். கோடாக், அக்பா, இல்ஃபோர்டு என்ற பெட்டிகளில் வந்த காகிதம் சாஃப்ட், நார்மல், ஹார்ட் என்று தரம் பிரிந்திருந்தது. நெகடிவ் சப்பையாக இருந்தால் ஹார்ட், முரண்டு பிடித்தால் சாஃப்ட் என்பது பயிலும் பையனுக்கு முதற்பாடம். என்லார்ஜரின் கீழ் ஒளி விழும்போது கையால் மறைத்தும் விலக்கியும் ஒரு மூலையைக் காப்பாற்றி மற்றொரு மூலையைக் கறுக்கவைக்கும் சாமர்த்தியம் புத்தகத்தில் கற்கக்கூடியதன்று. டெவலப்பர் தட்டில் வெறுங்காகிதம் மிதக்கும். பத்து வினாடிக்குள் முதலில் தலைமுடியும் கண்ணின் கருமணியும் எழும். பின்பு புருவம், பின்பு கன்னத்தின் நிழல். முகம் சிறிது கூடுதலாகக் கறுக்கும்வரை பொறுத்திருந்து உருவத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போக் கரைசலில் தள்ள வேண்டும், ஏனெனில் செவ்வொளி கண்ணை ஏமாற்றும். அத்தோடு முடிவதில்லை. ஹைப்போ ஒரு துளியும் தங்காதபடி ஓடும் நீரில் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் அதிலுள்ள கந்தகமே வெள்ளியைத் தின்றுவிடும். கிணற்றிலிருந்து வாளியில் இறைத்து, நான்கு தட்டுகளில் மாற்றி மாற்றிக் கழுவிய கரையோர ஸ்டூடியோக்களில், கல்யாண முகூர்த்த நாளின் அவசரத்தில், அந்தக் கழுவலில்தான் குறை விழுந்தது. வீட்டுச் சுவர்களில் தாத்தாவின் படம் ஓரத்திலிருந்து மஞ்சளித்து வருவதற்குத் தாத்தாவோ கடலோ முழுப் பொறுப்பாளி இல்லை.

இங்கே காகிதத்தின் வெண்மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். புரோமைடு காகிதத்தின் நாருக்கும் வெள்ளிப் பூச்சுக்கும் நடுவில் பேரியம் சல்பேட்டை ஜெலட்டினில் குழைத்துப் பூசிய ஒரு படுகை உண்டு. பரைட்டா என்பது அதன் பெயர். படத்தின் ஒளி அதிலிருந்துதான் பிறக்கிறது. பின்னாளில் காகிதத்தின் இருபுறமும் பிளாஸ்டிக் பூசிச் சீக்கிரம் கழுவக்கூடிய ரெசின் காகிதம் வந்தபோது, பரைட்டாவின் இடத்தை டைட்டேனியம் டை ஆக்ஸைடு பிடித்துக்கொண்டது. அந்த வெள்ளைப் பொடியின் மூலப்பொருள் இல்மனைட். அதுவோ சவறையிலும் மணவாளக்குறிச்சியிலும், அதாவது விழிஞ்ஞத்துக்கு வடக்கிலும் தெற்கிலும், அலை கொண்டுவந்து ஒதுக்கும் கரிய மணல். ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய ரஸாயனர் 1909-இல் மணவாளக்குறிச்சியில் மோனஸைட்டைக் கண்டதிலிருந்து இம்மணலுக்கு மவுசு ஏறியது. அதிலிருந்து வெள்ளை எடுக்கும் தொழிற்சாலை சமஸ்தானத்தின் கடைசிக் காலத்தில் திருவனந்தபுரத்திலேயே ஏற்பட்டது.

புரோமைடு காலத்துத் திருவனந்தபுரத்தில் பத்திரிகைப் புகைப்படத்துக்கு ஒரு மதிப்பை உண்டாக்கியவர், 1959-இல் சிவன்ஸ் ஸ்டூடியோவை நிறுவிய சிவன். புதிய கேரள ராஜ்யத்தின் அரசியல் முகங்கள் பல அவர் இருட்டறையிலிருந்து வெளிப்பட்டவை. ஆயினும் இக்கடற்கரையில் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்களில் உலகறிந்தது எது என்று கேட்டால், விழிஞ்ஞத்துக்கு வடக்கே தும்பாவில் ராக்கெட்டின் கூம்பை சைக்கிளில் வைத்து ஒருவர் தள்ளிச் செல்லும் படத்தைத்தான் சொல்ல வேண்டும். 1966-இல் அதை எடுத்தவர் ஹென்றி கார்டியே-பிரெஸ்ஸோன். அவர் தம் படங்களைத் தாமே பதித்தவரல்லர். பாரிஸில் பியர் காஸ்மன் நடத்திய பதிப்புக்கூடத்திடம் அவ்வேலையை விட்டிருந்தார். மிதமான கறுப்பு, ஏராளமான சாம்பல், எங்கும் கூச்சலில்லாத வெள்ளை என்று நாம் கார்டியே-பிரெஸ்ஸோனின் பாணியாகப் போற்றுவதில் அந்தப் பதிப்பாளர்களுக்கும் பங்கு உண்டு. கடலோர வெயிலில் அப்படிப்பட்ட மென்மையை நம் ஸ்டூடியோக்காரர்கள் சாதாரணமாக நாடவில்லை. வாடிக்கையாளருக்கு 'பளிச்' என்று இருக்க வேண்டும். ஆகவே ஹார்ட் காகிதமும் கண்ணாடிபோல மின்னும் கிளேசிங்கும் வழக்கமாயின. சுவைக்குத்தான் மருந்தில்லையே.

இந்தியாவிலேயே புரோமைடு காகிதமும் பிலிமும் செய்வதற்காக 1960-இல் உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசாங்கக் கம்பெனி ஏற்பட்டு, பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றின் கூட்டுறவோடு 1967-இல் உற்பத்தியும் தொடங்கிற்று. தூசியும் வெப்பமும் குறைந்த மலைக்காற்றே இடத்தேர்வின் காரணம். 'இந்து' என்ற முத்திரையோடு வந்த அந்தக் காகிதத்தில்தான் தென்னாட்டின் பாஸ்போர்ட் முகங்கள் பெரும்பாலும் பதிந்தன. வர்ணப் படமும் அதைப் பதிக்கும் லேப் இயந்திரமும் வந்தபின் அது நலிந்து நின்றுபோயிற்று. ஸ்டூடியோக்களின் இருட்டறைகள் சாமான் அறைகளாயின.

இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் தொடங்கிய மாற்றம், வெள்ளியை விலக்கி மீண்டும் மைக்கே வந்து சேர்ந்தது. பாடகராகிய கிரஹாம் நாஷ் 1991-இல் கலிபோர்னியாவில் ஐரிஸ் என்ற இங்க்ஜெட் இயந்திரத்தைக் கொண்டு கலைப்படங்களைப் பருத்திக் காகிதத்தில் பதிக்கும் கூடம் ஒன்றை நிறுவினார். அந்த மை நீரில் கரையும் சாயம். அழகு உண்டு, ஆயுள் இல்லை. வீட்டு மேஜைக்கு வந்த இயந்திரங்களிலும் முதலில் சாய மைதான். 2000-ஆம் ஆண்டில் பிரபலமாயிருந்த எப்சன் இயந்திரங்களில் பதித்த படங்கள் காற்றிலுள்ள ஓஸோன் பட்டுச் சில வாரங்களில் செம்மஞ்சளாகிப் பெரிய கூச்சல் எழுந்தது. காற்று ஓயாத விழிஞ்ஞம் போன்ற இடத்தில், கண்ணாடியிட்டு மூடாத சாயமைப் படத்தைத் தொங்கவிடுவது வீண். அதே ஆண்டில் அக்கம்பெனியே பிக்மென்ட் மையை, அதாவது கரையாத துகள்களைக் கொண்ட மையை வெளியிட்டது. ஆயுள் நீண்டது, ஆனால் கருப்பு வெள்ளைப் படத்தைச் சிவப்பு, நீலம், மஞ்சள் மைகளின் கலப்பால் உண்டாக்கியதால், விளக்கொளியில் சாம்பலாகத் தெரிந்தது ஜன்னலோரத்தில் பச்சை பூத்தது.

அதற்கு மாற்று, சாம்பலையே மையாக ஊற்றுவதுதான். அமெரிக்காவில் ஜான் கோன் என்ற பதிப்பாளர் வர்ண மைகளை எல்லாம் வடித்துவிட்டு, அந்த இடங்களில் கரியைப் பல அடர்த்திகளில் நீர்த்த மைகளை நிரப்பினார். எப்சன் கம்பெனியும் 2005-இல் கருப்பு, வெளிர்கருப்பு, மிகவெளிர்கருப்பு என மூன்று கருமைகளை ஒரே இயந்திரத்தில் சேர்த்தது. இதன் பயனை நம் சுவரில் பார்க்கலாம். ஒரே கருப்பு மையால் வெளிர்ச் சாம்பலைக் காட்ட வேண்டுமானால் புள்ளிகளை விலக்கி விலக்கி வைக்க வேண்டும். ஹாஃப்டோனின் பழைய வியாதி திரும்பிவரும். மிகவெளிர் மை இருந்தால் அந்த இடம் முழுவதையும் நெருக்கமாக நனைக்கலாம். உளிக்கொத்தின் ஓரத்தில் ஒளி மெல்ல வழிவது அப்படியே நிற்கும். தூய கரி மை நீர்த்தால் சற்றே பழுப்பேறும் என்பதை ஒரு குறையாகச் சொல்வார்கள். கருங்கல்லுக்கு அந்தப் பழுப்பு பொருந்துகிறது. கல்வெட்டாளரின் பொட்டலத்தில் இருந்த விளக்குக்கரியும் இதுவும் ஒரே ஜாதி.

காகிதத் தேர்வில்தான் அபிப்பிராய பேதம் மிகுதி. 1584-இல் தோன்றிய ஹானமூலே போன்ற பழைய ஆலைகளின் பருத்திக் காகிதம் மினுமினுப்பற்றது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கண்ணைக் கூசவைக்காது. ஆனால் அதில் கருமை ஓரளவுக்கு மேல் ஆழாது. பரைட்டாப் பூச்சுள்ள இங்க்ஜெட் காகிதத்தில் கருமை பழைய புரோமைடைப்போல ஆழ்ந்து விழும். ஆனால் சாய்த்துப் பார்த்தால் மையும் காகிதமும் வேறுவேறாக மின்னும். அளவுக்கு மீறி வெண்மை காட்டும் காகிதங்களில் சலவை நீலம் போன்ற ரஸாயனம் கலந்திருப்பதால், அது செயலிழந்ததும் வெண்மை மங்கிவிடும். சிறிது பாலேடு நிறமாயிருந்தாலும் அது கலவாத காகிதமே நல்லது. குகைச் சுவருக்குப் பருத்தியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்: அங்கே ஆழ்ந்த கருமைக்கு வேலையில்லை, சாம்பலுக்கே வேலை. துறைமுகத்தில் நனைந்த வள்ளத்தின் பக்கப்பலகையும், 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் வந்தணைந்த புதிய துறையின் இராத்திரி விளக்குகளும் பரைட்டாவைக் கேட்கும். இரண்டையும் ஒரே காகிதத்தில் போட்டு ஒரு தொகுப்பாக்க நினைப்பவர் ஏதேனும் ஒன்றைப் பலியிட்டே தீர வேண்டும்.

மழைக்காலத்தில் இக்கரையில் பதிப்பவர்கள் காகிதப் பெட்டியை ஈரமுறிஞ்சும் பொட்டலங்களோடு மூடிவைத்து, வேண்டிய தாளை மட்டும் எடுக்கிறார்கள். ஈரமேறிய பருத்தித் தாள் நடுவில் உப்பி மைத்தலையில் உரசும், அன்றியும் மை சிறிது பரவி, இருண்ட சாயைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகையால் படத்தைப் பதிக்குமுன் 21 படிகள் கொண்ட ஒரு சாம்பல் அளவுப்பட்டையைப் பதித்து, கருமைப் பக்கத்தில் எத்தனை படிகள் தனித்தனியே தெரிகின்றன என்று எண்ணிப் பார்ப்பது வழக்கம். கடைசி மூன்றும் ஒன்றாகக் கலந்திருந்தால் மையின் அளவைக் குறைத்து மறுபடி பதிக்க வேண்டும். பதித்த பட்டையை உடனே எடைபோடுவதும் கூடாது. மை ஈரமாயிருக்கும்போது காட்டிய கருமை உலர்ந்தபின் மாறிவிடும் என்பதால், வேனிலில் ஒரு மணி நேரமும் இடவப்பாதியில் ஒரு முழு நாளும் காயவிட்ட பிறகே பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.